பூங்காவில் பிறக்கும் குட்டிகள்: அழிந்துவரும் இனங்களைக் காக்க அவை உண்மையில் உதவுகின்றனவா?

நாட்டின் ஏதேனும் ஓர் உயிரியல் பூங்காவில் புலியோ சிங்கமோ குட்டிகளை ஈன்றால், அச்செய்தி புகைப்படத்துடன் சில மணி நேரத்தில் நாடெங்கும் பரவிவிடுகிறது. குட்டிகளுக்குப் பெயர் சூட்டப்படுகிறது. பார்வையாளர் கூட்டம் பெருகுகிறது. அழிந்துவரும் ஓர் இனத்தைக் காக்கும் முயற்சியில் இது ஒரு வெற்றி என்ற வாக்கியமும் பெரும்பாலும் அச்செய்தியில் இடம்பெற்றுவிடுகிறது.

ஆனால் கூண்டுக்குள் ஒரு குட்டி பிறப்பதும், காட்டில் ஓர் இனம் காக்கப்படுவதும் ஒன்றல்ல. இந்தியப் பூங்காக்களின் கடந்த அரை நூற்றாண்டு அனுபவத்தைப் பார்க்கும்போது, குட்டிகளின் எண்ணிக்கையைவிட இரண்டு கேள்விகளே முக்கியமானவை எனத் தெரிகிறது. அக்குட்டியின் பெற்றோர் யார் என்பது ஒன்று. அது அல்லது அதன் சந்ததி திரும்பிச் செல்ல ஓர் இடம் இருக்கிறதா என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் விடை இல்லாத பிறப்புகள், பூங்கா நிர்வாகத்திற்குச் சுமையாகவே முடிந்துள்ளன.

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1992-இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அமைக்கப்பட்டது. 1998-இல் வெளியான தேசிய உயிரியல் பூங்கா கொள்கை, வனவிலங்குப் பாதுகாப்புக்குத் துணை நிற்பதே பூங்காக்களின் முதன்மை நோக்கம் என வரையறுத்தது. அழியும் நிலையில் உள்ள எழுபதுக்கும் மேற்பட்ட இனங்களை ஆணையம் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் திட்டமிட்ட இனப்பெருக்கத்திற்கும் ஒருங்கிணைப்புப் பூங்காக்களை நியமித்துள்ளது. இத்திட்டத்திற்குள் நிகழும் பிறப்பும் அதற்கு வெளியே நிகழும் பிறப்பும் செய்தியில் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. குழப்பம் தொடங்குவது இங்குதான்.

தலைநகர் தில்லியிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஹவுஸ் காஸ் பகுதியில் உள்ள மான் பூங்கா 1960-களில் ஆறு மான்களுடன் தொடங்கப்பட்டது. அவை பெருகிப் பெருகி அறுநூறு அளவை எட்டின. நெரிசலையும், நெருங்கிய உறவுக்குள்ளேயே நிகழ்ந்த இனச்சேர்க்கையையும் சுட்டிக்காட்டி, 2023-இல் அதன் சிறு பூங்கா அங்கீகாரத்தை ஆணையம் ரத்து செய்தது. மான்களை வேறிடங்களுக்கு மாற்றும் முயற்சி நீதிமன்ற வழக்காக மாறியது. பிறப்பு விகிதம் மட்டுமே வெற்றியின் அளவுகோல் என்றால், நாட்டின் மிகச் சிறந்த பூங்காக்களில் ஒன்றாக இது கருதப்பட்டிருக்க வேண்டும்.

வெள்ளைப் புலியின் விலை

பார்வையாளர்கள் மிகவும் விரும்பும் வெள்ளைப் புலியின் கதை இன்னும் கசப்பானது. 1951-இல் மத்தியப் பிரதேசத்தின் ரேவா பகுதிக் காட்டில் பிடிபட்ட வெள்ளைப் புலிக்குட்டி ஒன்றுக்கு மோகன் எனப் பெயரிட்டு, கோவிந்த்கட் அரண்மனையில் ரேவா மகாராஜா வளர்த்தார். சாதாரண நிறப் பெண்புலியுடன் அது சேர்ந்தபோது வெள்ளைக் குட்டி பிறக்கவில்லை. பின்னர் அதன் சொந்த மகளான ராதாவுடனேயே அது சேர்க்கப்பட்டது. 1958-இல் நான்கு வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. தில்லி முதல் வாஷிங்டன் வரை பல பூங்காக்களுக்கு அந்த வம்சம் பரவியது.

வெள்ளைப் புலி தனி இனமன்று. நிறமியைப் பாதிக்கும் ஒரு மரபணு மாற்றத்தின் விளைவு. அந்த நிறத்தைத் தக்கவைப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே சேர்க்கப்பட்டதால், மாறுகண் உள்ளிட்ட குறைபாடுகள் அவற்றிடம் காணப்படுகின்றன. வெள்ளைப் புலிக்குட்டி பிறந்த செய்தி மகிழ்ச்சி தரக்கூடும். அதனால் காட்டுப் புலிக்கு எவ்விதப் பயனும் இல்லை.

இந்தியாவில் புலி இனம் மீண்ட வரலாறும் பூங்காக்களின் வழியாக நிகழவில்லை. மத்தியப் பிரதேசத்தின் பன்னா காப்பகத்தில் 2009-இல் ஒரு புலிகூட எஞ்சவில்லை. பாந்தவ்கட், கன்ஹா, பெஞ்ச் ஆகிய காடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட புலிகளே அங்கு மீண்டும் பெருகின. தாயை இழந்து மனிதர்களால் வளர்க்கப்பட்ட இரு பெண்புலிகளும் அவற்றுள் அடங்கும் எனினும், அவையும் காட்டில் பிறந்தவையே. 2022 கணக்கெடுப்பின்படி நாட்டின் புலிகளின் சராசரி மதிப்பீடு 3,682. இந்த எண்ணிக்கைக்கான பெருமை காடுகளுக்கும் அவற்றைக் காத்தோருக்கும் உரியது.

கலந்துபோன சிங்கங்கள்

பெற்றோர் யார் என்ற கேள்வியை அலட்சியம் செய்ததன் விளைவை ஆசியச் சிங்கங்களின் வழியாக இந்தியா கற்றது. குஜராத்தின் கிர் காட்டில் மட்டுமே எஞ்சிய இந்த இனத்திற்கு, நோயோ பேரிடரோ வந்தால் கைகொடுக்கப் பூங்காக்களில் ஒரு மாற்றுத் தொகை தேவை என்பது நியாயமான எண்ணம். ஆனால் சண்டிகர் அருகே உள்ள சத்பீர் பூங்கா உள்ளிட்ட இடங்களில், சர்க்கஸ் நிறுவனங்களிடமிருந்து வந்த ஆப்பிரிக்கச் சிங்கங்களுடன் ஆசியச் சிங்கங்கள் கலக்க நேர்ந்தது. குட்டிகள் தாராளமாகப் பிறந்தன. அவை ஆசியச் சிங்கங்களாகவே எண்ணப்பட்டன.

1987-இல் வெளியான மரபியல் ஆய்வு ஒன்று இந்த நம்பிக்கையை உடைத்தது. அமெரிக்கப் பூங்காக்களின் ஆசியச் சிங்க இனப்பெருக்கத் திட்டத்திற்கு மூலமாக இருந்த ஐந்து விலங்குகளில் இரண்டு ஆப்பிரிக்க வழி வந்தவை என அது காட்டியது. பல ஆண்டுகள் பேணப்பட்ட அத்திட்டம் கைவிடப்பட்டது. இந்தியாவிலும் கலப்புச் சிங்கங்களின் இனப்பெருக்கம் நிறுத்தப்பட்டு, அவை முதுமை எய்தி மடியும்வரை பராமரிக்கப்பட்டன. சர்க்கஸில் சிங்கம், புலி போன்ற விலங்குகளைப் பயன்படுத்தத் தடை வந்த பிறகு மீட்கப்பட்ட விலங்குகளுக்காகச் சென்னை வண்டலூர் உள்ளிட்ட சில இடங்களில் மீட்பு மையங்கள் ஏற்படுத்தப்பட்டதும் இதே வரலாற்றின் ஒரு பகுதிதான். அவ்விலங்குகள் செய்த பிழை ஏதுமில்லை. ஆயினும் இனப் பாதுகாப்புக் கணக்கில் அவற்றுக்கு இடமில்லாமல் போயிற்று.

இன்று ஜுனாகத் நகரின் சக்கர்பாக் பூங்காவே ஆசியச் சிங்க இனப்பெருக்கத்தின் மையமாக விளங்குகிறது. ஒவ்வொரு விலங்கின் தாய், தந்தை, பிறந்த நாள், இடமாற்றம் ஆகியவற்றைப் பதியும் பரம்பரைப் பதிவேடுகளை டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் தொகுக்கிறது. எந்த ஆணை எந்தப் பெண்ணுடன் சேர்க்கலாம், எதைச் சேர்க்கவே கூடாது என்பதை அப்பதிவேடே தீர்மானிக்க வேண்டும்.

எனினும் சிங்கத்தின் விஷயத்தில் இரண்டாவது கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. 2018-இல் கிர் பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களில் மடிந்தன. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் அவற்றிடம் கண்டறியப்பட்டது. கிர் சிங்கங்களில் சிலவற்றை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு மாற்ற வேண்டும் என 2013-இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அது நிறைவேறவில்லை. 2022 செப்டம்பரில் குனோவுக்கு வந்தவை நமீபியச் சிறுத்தைகள். 2025 கணக்கெடுப்பில் சிங்கங்களின் எண்ணிக்கை 891 ஆக உயர்ந்துள்ளது; ஆனால் காட்டில் வாழ்பவை அனைத்தும் குஜராத் எல்லைக்குள்தான் உள்ளன. இரண்டாவது காடு இல்லாத நிலையில், பூங்காவில் எத்தனை குட்டிகள் பிறந்தாலும் அவை பூங்காவிலிருந்து பூங்காவுக்கே செல்ல முடியும்.

டார்ஜிலிங்கில் நடந்தது

இரு கேள்விகளுக்கும் ஒருங்கே விடை தேடிய முயற்சி மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங்கில் காணப்படுகிறது. 1958-இல் தொடங்கப்பட்ட பத்மஜா நாயுடு இமாலய விலங்கியல் பூங்கா, சிவப்பு பாண்டாக்களின் இனப்பெருக்கத்தைப் பல பத்தாண்டுகளாக மேற்கொண்டு வருகிறது. மூங்கில் இலையை முதன்மை உணவாகக் கொண்ட இவ்விலங்கு, மேற்கு வங்கத்தில் சிங்கலீலா, நியோரா பள்ளத்தாக்கு ஆகிய இரு தேசியப் பூங்காக்களில்தான் காட்டில் வாழ்கிறது.

இங்குக் கவனிக்க வேண்டியது, பார்வையாளர்கள் காணும் பாண்டாக்களும் காட்டுக்கென வளர்க்கப்படும் பாண்டாக்களும் வெவ்வேறு இடங்களில் வைக்கப்படுவதுதான். நகரத்திலிருந்து சற்றுத் தொலைவில் தோப்கேதாரா என்ற இடத்தில் உள்ள இனப்பெருக்க மையத்தில் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. மனிதரைக் கண்டு அஞ்சாத விலங்கு காட்டில் நீடிக்காது. ஆகவே, மக்கள் பார்த்து மகிழ முடியாத குட்டிகளே இனத்திற்கு அதிகம் பயன்படுபவை என்ற முரண் இங்கு வெளிப்படையாகவே தெரிகிறது.

2003-இல் இரண்டு பெண் பாண்டாக்கள் ரேடியோ கழுத்துப்பட்டையுடன் சிங்கலீலாவில் விடப்பட்டன. ஒன்று வேட்டை விலங்குக்கு இரையாயிற்று. மற்றொன்று காட்டு ஆணுடன் சேர்ந்து குட்டி ஈன்றது. பாதி வெற்றி என இதைச் சொல்லலாம். ஆனால் கூண்டில் பிறந்த விலங்கு காட்டில் துணை தேட முடியும் என்பதற்கு அது சான்றாயிற்று. நீண்ட இடைவெளிக்குப் பின், 2022 முதல் 2024 வரை ஒன்பது பாண்டாக்கள் அதே காட்டில் விடப்பட்டன. அவற்றின் வழியாகக் காட்டிலேயே ஐந்து குட்டிகள் பிறந்ததாகப் பூங்கா நிர்வாகம் தெரிவித்துள்ளது. உலக உயிரியல் பூங்காக்கள் சங்கத்தின் 2024-ஆம் ஆண்டு பாதுகாப்பு விருதுக்கான இறுதிச் சுற்றுக்கு இத்திட்டம் தேர்வானதும் குறிப்பிடத்தக்கது.

ஒன்பது விலங்குகள், ஐந்து குட்டிகள். முப்பது ஆண்டு உழைப்புக்கு இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் கூண்டில் பிறந்த எத்தனையோ வெள்ளைப் புலிகளைக் காட்டிலும் இந்த ஐந்தின் மதிப்பு கூடுதல்.

நதி இல்லாத முதலை

விலங்கு தயாராக இருந்து இடம் தயாராக இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை ஒடிசாவின் மகாநதி காட்டியது. கரியால் எனப்படும் சொம்புமூக்கு முதலைகள், 1970-களின் நடுவில் இந்தியாவில் 200-க்கும் குறைவாகவே இருந்தன என மதிப்பிடப்பட்டது. ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் உதவியுடன் 1975-இல் முதலைத் திட்டம் தொடங்கியது. முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகள் ஒரு மீட்டருக்கு மேல் வளரும்வரை பாதுகாத்து, பின்னர் ஆற்றில் விடுவது இதன் முறை. புவனேஸ்வரின் நந்தன்கானன் பூங்கா, ஜெர்மனியின் பிராங்பர்ட் பூங்காவிலிருந்து ஆண் ஒன்றை வரவழைத்து, 1980-இல் உலகிலேயே முதன்முறையாகக் கரியால்களைப் பூங்காவில் இனப்பெருக்கம் செய்யவைத்தது. அறிவியல் நோக்கில் அது ஐயமற்ற சாதனை.

மகாநதியில் சத்கோசியா பள்ளத்தாக்கில் பல ஆண்டுகளில் எழுநூறு அளவில் கரியால்கள் விடப்பட்டன. ஒரு கட்டத்தில் அங்கு எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கவையே. முதலை வளர்ப்பில் குறையில்லை, ஆற்றில்தான் குறை. நைலான் வலைகளில் சிக்கும் கரியால் மூச்சுவிட மேலெழ முடியாமல் மூழ்கி இறக்கிறது. அணைகளால் நீரோட்டம் மாறியது; முட்டையிடும் மணல் திட்டுகள் மனிதப் பயன்பாட்டுக்கு உள்ளாயின. அதே முறையில் வளர்க்கப்பட்ட கரியால்கள் சம்பல் ஆற்றில் நிலைத்தன. மூன்று மாநிலங்களைத் தொட்டுச் செல்லும் சம்பல் சரணாலயத்தில் ஓடும் நீரும் மணற்கரையும் எஞ்சியிருந்ததே காரணம். அங்கும் 2007–08 குளிர்காலத்தில் நூறுக்கும் மேற்பட்டவை இறந்தன. மணல் கொள்ளை இன்றும் அச்சுறுத்துகிறது. ஆயினும் உலகின் கரியால்களில் பெரும்பகுதி அந்த ஒரே ஆற்றில்தான் வாழ்கிறது.

வலைகளைக் கட்டுப்படுத்தவும், சேதமான வலைகளுக்கு மீனவர்களுக்கு இழப்பீடு வழங்கவும் ஒடிசா வனத்துறை பின்னர் முன்வந்தது. 2019 முதல் புதிய கரியால்கள் விடப்பட்டன. 2021-இல் சுமார் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக, மகாநதியின் மணற்கரையில் இயற்கையாக 28 குஞ்சுகள் பொரிந்தன. மீனவருக்குத் தரப்பட்ட இழப்பீடு, பொரிப்பகத்துக்குச் செலவான தொகையைவிட இதில் பெரும் பங்கு வகித்திருக்கக்கூடும்.

அசாமின் பிக்மி காட்டுப்பன்றித் திட்டமும் இதையே உணர்த்துகிறது. 1996-இல் மானஸ் காட்டில் பிடிக்கப்பட்ட ஆறு பன்றிகளுடன் தொடங்கிய அத்திட்டத்தின் வழியாக, 2008 முதல் 150-க்கும் மேற்பட்டவை புல்வெளிகளில் விடப்பட்டுள்ளன. விடுவதற்கு முன் சில மாதங்கள், உயர்ந்த புல் வளர்ந்த அடைப்புகளில் மனிதத் தொடர்பு குறைக்கப்பட்டுப் பழக்கப்படுத்தப்படுகின்றன. புல்வெளி பேணப்பட்ட ஒராங் தேசியப் பூங்காவில் அவை பெருகின. ஆண்டுதோறும் தீ வைக்கப்படும் புல்வெளியில் எத்தனை பன்றிகளை விட்டாலும் நிற்காது.

பூங்காவில் குட்டி பிறப்பதைக் குறைத்து மதிப்பிட இவற்றில் எதுவும் காரணமன்று. பேறுகால மருத்துவம், உணவு, நோய்த் தடுப்பு ஆகியவற்றில் பூங்கா ஊழியர்கள் சேர்த்துவைத்த அறிவு இல்லாமல் சிங்கலீலாவும் ஒராங்கும் சாத்தியமாகியிருக்காது. ஆனால் அந்த அறிவு எங்குச் சென்று சேர்ந்தது என்பதைப் பொதுமக்கள் அறியும் வழி குறைவாகவே உள்ளது. பூங்காக்கள் ஆண்டுதோறும் ஆணையத்திற்கு அளிக்கும் விலங்கிருப்புக் கணக்கில் பிறப்பு, வரவு, வெளியேற்றம், இறப்பு எனப் பத்திகள் உள்ளன. ஒரு விலங்கு வேறொரு பூங்காவுக்குப் பரிமாற்றத்தில் சென்றாலும், காட்டுக்குச் சென்றாலும், அது இருப்பிலிருந்து வெளியேறிய ஒன்றாகவே கழிக்கப்படுகிறது. காட்டில் விடப்பட்டது எத்தனை, ஓராண்டுக்குப் பின் உயிருடன் இருப்பது எத்தனை என இரு பத்திகளைக் கூடுதலாகச் சேர்ப்பதற்குப் பெரும் செலவு ஏதும் தேவையில்லை.