காமிராவுக்குக் காவல் யார்?

வீட்டிலும் ஆபீசிலும் காமிரா மாட்டி, இரண்டையும் கைப்போனிலேயே பார்த்துக் கொண்டிருப்பவர்கள் இனித் தங்களுக்குப் பயமில்லை என்கின்றார்கள். வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டினவரும் இதைத்தானே சொன்னார்! காமிராவில் திருடன் முகம் தெரியும் என்பதை நாம் மறுக்கவில்லை. அதே கண் வழியாக வேறு யார் பார்க்கின்றார்கள் என்றுதான் கேட்கின்றோம்.

அமெரிக்காவில் நடந்த சங்கதியைக் கேளுங்கள். ரிங் என்னும் வீட்டுக் காமிராக் கம்பெனியின் ஊழியர் ஒருவர், 2017-ல், வாங்கின பெண்களின் படுக்கையறை, குளியலறைப் படங்களை ஆயிரக்கணக்கில் பார்த்து வந்தார் என்று அந்நாட்டு மத்திய வர்த்தகக் கமிஷன் 2023-ல் வழக்குப் போட்டது. கம்பெனி 58 லட்சம் டாலர் கொடுக்க இசைந்தது. காவலுக்கு வந்தவனே கன்னம் வைத்த கதை!

2021 மார்ச்சில் வெர்காடா கம்பெனியின் தலைமைச் சாவி போன்ற பாஸ்வேர்டு வெளியார் கையில் சிக்கவே, ஆஸ்பத்திரி, சிறைச்சாலை, பள்ளிக்கூடம் என்று ஒன்றரை லட்சம் காமிராக்கள் அவர்களுக்குத் திறந்து கொண்டன. எல்லாவற்றையும் ஓரிடத்தில் பார்க்கும் சௌகரியம் யாருக்குப் பிரயோஜனப்பட்டது, பார்த்தீர்களா?

நிற்க. 2016-ல் மிராய் என்னும் கள்ளப் புரோகிராம், கம்பெனி வைத்தனுப்பிய ‘அட்மின்’, ‘12345’ போன்ற பாஸ்வேர்டுகளைச் சொல்லியே காமிரா முதலிய கருவிகளைப் பல லட்சம் பிடித்துக் கொண்டது. பூட்டில் சாவியைத் தொங்கவிட்டுத் தூங்கினால் திருடனைக் குறை சொல்வானேன்?

வேலைக்காரி சர்க்கரை டப்பாவைத் திறக்கிறாளா என்று ஆபீசிலிருந்தே உளவு பார்க்கும் கனவானே! அந்தப் பாஸ்வேர்டை மாற்றினீரா? படுக்கையறையில் காமிரா எதற்கு? மாட்டுமுன் வீட்டுப் பெண்களை ஒரு வார்த்தை கேட்டீரா?