குப்பைக்குள் ஓர் அடுப்பு



வாசல் கூட்டிக் குவித்த ஈரச் சருகை நாலைந்து நாட்களின் பின் கிளறும்போது உள்ளிருந்து ஆவி எழுவதைக் கண்டிருப்பீர்கள். கையை வைத்தால் சுடும். தீ மூட்டியவர் எவருமில்லை. பின் இந்தச் சூடு எங்கிருந்து வந்தது?

கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இலை தழைகளை உண்டு வாழ்கின்றன. நாம் உண்ட சோறு நம் உடலைச் சூடாக வைத்திருப்பது போலவே, அவை உண்பதும் வெப்பமாக வெளியாகிறது. சிறு குவியலில் அது காற்றோடு போய்விடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீற்றரளவு இருந்தால், குவியலின் வெளிப்புறமே போர்வையாகி உட்சூட்டைக் காக்கும். நடுப்பகுதி 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை சூடேறும். கொக்கோ விதைகளை வாழையிலையால் மூடிப் புளிக்க வைப்போர் இதுபோன்ற சூட்டை நன்கறிவர்.

படைத்தவன் சில உயிர்களுக்கு இதனை இயல்பிலேயே கற்பித்திருக்கிறான். அவுஸ்திரேலியாவில் ஒருவகைக் காட்டுப் பறவை, இலைகளைக் குவித்து அதற்குள் முட்டையிடுகிறது. அடைகாப்பது தாயல்ல, உக்கும் இலைகளின் சூடே. ஆண் பறவை குவியலைக் கிளறியும் மூடியும் சூட்டைச் சீராக்குகிறது.

பிரான்ஸ் நாட்டில் ழான் பேன் என்பவர் 1970களில், அரைத்த பற்றைக் கிளைகளை ஏறத்தாழ 50 தொன் குவித்து, அதனுள் நீர்க்குழாயைச் சுற்றி வைத்தார். நிமிடத்துக்கு 4 லீற்றர் வீதம் 60 பாகை வெந்நீர் கிடைத்தது.

அப்படியானால் நம் வீட்டுக் குவியலில் வுழூவுக்கு வெந்நீர் எடுக்கலாமா? சிறிது எடுக்கலாம். ஆனால் சூட்டை இழுக்க இழுக்கக் குவியல் குளிர்ந்து, உக்கும் வேலை தாமதமாகும். நமக்கு அச்சூட்டின் பெரும்பயன் வேறு. 55 பாகைக்கு மேல் மூன்று நாட்கள் நின்றால் நோய்க் கிருமிகளும் ஈப்புழுக்களும் அழியும்; களை விதைகளிலும் பெரும்பாலானவை மடியும். எனவே குவியலை இடைக்கிடை புரட்டி, வெளியே கிடந்ததை நடுவே தள்ளுங்கள்.

காய்கறித் தோல், பச்சை இலை ஒரு பங்கு. காய்ந்த சருகு இரண்டு பங்கு. பிழிந்த துணிபோல ஈரம் இருந்தால் போதும். நமது மழைக்கு மேலே மூடி அவசியம். இறைச்சி, எலும்பு சேர்த்தால் நாயும் எலியும் வரும். ஓர் இரும்புக் கம்பியை நடுவே குத்திவைத்து, சற்று நேரத்தில் எடுத்துத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் வேலை நடக்கிறது. குளிர்ந்திருந்தால் புரட்டுங்கள், காய்ந்திருந்தால் நீர் தெளியுங்கள்.

2017 ஏப்ரல் 14இல் மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அதில் குசினிக் கழிவும் சேர்ந்தே கிடந்தது. 2021இல் இரசாயனப் பசளை தடைப்பட்டபோதோ, சேதனப் பசளைக்கு நாடே அலைந்தது. ஒரு பக்கம் வீசியதையே மறுபக்கம் தேடினோம்.

சருகுக்குத் தீ வைத்தால் மிஞ்சுவது புகையும் பிடி சாம்பலும். குவித்து வைத்தால் அது தானே வெந்து, சில மாதங்களில் மிளகுக் கொடிக்கும் கறிவேப்பிலைக்கும் பசளையாகும். நாளைக் காலை வாசல் கூட்டும்போது தீப்பெட்டியை எடுக்காதிருங்கள், சகோதரிகளே.