300 நிட்ஸ் எந்தக் கம்பெனி?

பனியன் வாங்கக் கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர் என்ன கேட்கிறார்? "சைஸ் 85-ஆ, 90-ஆ?" அவ்வளவுதான். "30 கவுண்ட் நூலா, 40 கவுண்ட்டா? கார்டடா, கோம்டா? ஜி.எஸ்.எம். எத்தனை?" என்று கேட்டால் வந்த வழியே திரும்பிவிடுவீர்கள். இத்தனைக்கும் அதெல்லாம் முக்கியமான சமாசாரம். கவுண்ட் ஏற ஏற நூல் மெலிசு. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. எங்கள் வேலம்பாளையம் டீக்கடை பெஞ்சில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் இவ்வளவும் காதில் விழும். ஆனால், வாங்குகிறவர் தலையில் யாரும் கட்டுவதில்லை. (ஊரின் முழுப் பெயரே '15 வேலம்பாளையம்'. அதென்ன 15 என்று விசாரித்துவிட்டா பஸ் ஏறுகிறோம்?)

கம்ப்யூட்டர் விற்பவர்கள் மட்டும் கவுண்ட் சொல்லித்தான் பனியன் விற்பேன் என்கிறார்கள்.

எங்கள் தெரு கட்டிங் மாஸ்டர், பி.காம். சேர்ந்த மகளுக்கு லேப்டாப் வாங்கக் கிளம்பினார். நானும் பி.காம். என்பதால் துணைக்கு இழுத்துப் போனார். கடைப் பையன் மூச்சு விடாமல் ஆரம்பித்தான்.

"ஐ-செவன், 16 ஜி.பி. டி.டி.ஆர்-5, 512 எஸ்.எஸ்.டி., 144 ஹெர்ட்ஸ், 300 நிட்ஸ் சார்!"

மாஸ்டருக்குப் புரிந்தது கடைசி வார்த்தை மட்டும்தான். "300 நிட்ஸா? எந்தக் கம்பெனிங் தம்பி, நம்ம அவிநாசி ரோட்டுலயா?"

பையன் சிரிக்கவில்லை. நிட்ஸ் என்றால் திரை வெளிச்சத்தின் அளவு என்று அவனுக்கும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். 144 ஹெர்ட்ஸ் என்பது திரை வினாடிக்கு 144 தடவை புதுசாவது. துப்பாக்கிச் சண்டை கேமுக்கு ஆகும். லெட்ஜர் போட எதற்கு?

விலை 78,000. தவணை வசதி உண்டு. பொண்ணு என்ன படிக்கிறாள் என்ற கேள்வி மட்டும் அரை மணி நேரமாக வரவில்லை.

"இதுல டேலி ஓடுமா?" என்றேன்.

"சூப்பரா ஓடும் சார்!"

"பக்கத்துல இருக்கே, 38,000. அதுல?"

"...அதுலயும் ஓடும் சார்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். "நாப்பதாயிரம்னா நான் ஒன்றரை மாசம் நின்னு வெட்டோணுங் தம்பி."

சின்னதையே வாங்கினோம். பையன் அடுத்து வந்த தம்பதியிடம் "144 ஹெர்ட்ஸ்" என்று தொடங்கிவிட்டான்.

இந்த நம்பர் வியாதி பழசு. இன்டெல் கம்பெனி 286, 386, 486 என்று விற்றுக் கொண்டிருந்தது. 386 எங்கள் சொத்து என்று கேட்டபோது, 1991-ல் அமெரிக்கக் கோர்ட் ஒன்று, நம்பரையெல்லாம் தனியுரிமை கொண்டாட முடியாது என்றுவிட்டது. அதனால் 586 வரவேண்டிய இடத்தில் 1993-ல் 'பென்டியம்' வந்தது. பெட்டிக்குள் கண்ணுக்கே தெரியாத சில்லுக்கு வெளியே ஸ்டிக்கர்! பிறகு ஐ-3, ஐ-5, ஐ-7. ஏழு பெரிசு, மூன்று சிறிசு என்றுதானே நினைப்போம்? 2015-ல் வந்த ஐ-7-ஐ 2022-ல் வந்த ஐ-3 பல வேலைகளில் முந்திவிடும். 2023-ல் லேப்டாப்புகளில் பென்டியம் பெயரை எடுத்துவிட்டு, வெறுமே 'இன்டெல் பிராசசர்' என்று வைத்தார்கள். சுருக்கிச் சொல்ல முப்பது வருஷம்!

512 ஜி.பி. என்று வாங்கி வீட்டில் திறந்தால் விண்டோஸ் 476 என்று காட்டும். திருட்டு இல்லை. செய்கிறவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. எக்ஸ்போர்ட் பார்ட்டியிடம் டஜனுக்கு இப்படி இரண்டு கணக்கு சொல்லிப் பாருங்கள், கன்டெய்னரோடு திரும்பி வரும்.

எளிமையாகச் சொல்லவே முடியாதா? 2001-ல் முதல் ஐபாடை விற்றபோது ஆப்பிள் 5 ஜி.பி. என்று முழங்கவில்லை, ஆயிரம் பாட்டு சட்டைப் பையில் என்றது. நம் நாட்டிலும் 2006-ல் ஸ்டார் லேபிள் வந்தது. கம்ப்ரஸர் பற்றி ஒன்றும் தெரியாத என் பெரியம்மா இப்போது "அஞ்சு ஸ்டார் ஃப்ரிட்ஜ் குடுப்பா" என்கிறார். 2011-ல் தமிழக அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது லட்சக்கணக்கான பிள்ளைகளிடம் யாரும் ஹெர்ட்ஸ் பேசவில்லை. பள்ளி, காலேஜ் வேலைக்கு எது போதும் என்று முன்கூட்டியே முடிவு செய்து கையில் கொடுத்தார்கள்.

கடையில் விற்கும் பெட்டிமேலும் தமிழில் நாலு வரி போடலாம். என்னென்ன வேலைக்கு ஆகும்? கரன்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும்? மெமரியைப் பிற்பாடு கூட்ட முடியுமா? ரிப்பேர் என்றால் திருப்பூரிலேயே பார்ப்பார்களா, கோயமுத்தூருக்குத் தூக்க வேண்டுமா? மீதி நிட்ஸ், ஹெர்ட்ஸ் எல்லாம் கீழே பொடி எழுத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.