காற்று வடிகட்டியும் கைப்பழக்கமும்

மோட்டார் வண்டி பெட்ரோலினால் ஓடுகின்றது என்று கூறுதல் உலக வழக்கு. அது பாதி உண்மையே. ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிவதற்கு எடையளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். கன அளவாகக் கணக்கிடின், ஒரு லிட்டர் பெட்ரோலுடன் சுமார் 9,000 லிட்டர் காற்றை யந்திரம் உட்கொள்ளுகின்றது. பெட்ரோலின் விலை சில காசு ஏறினும் முறையிடும் நாம், அதனினும் பன்மடங்கு மிகுதியாக உட்செல்லும் காற்று எத்தன்மையது என ஆராயாதிருத்தல் பொருந்துமோ?

நம் அவிநாசி வட்டாரத்தில் இவ்வாராய்ச்சி பெரிதும் வேண்டற்பாலது. இது மழை குறைந்த மேட்டு நிலம். நீர் வேண்டி மக்கள் பல்லாண்டுகள் முறையிட்ட பின்னரே அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024இல் தொடங்கி வைக்கப்பெற்றது. ஆனி, ஆடித் திங்கள்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வீசும் காற்று செம்மண் புழுதியை வாரி இறைக்கும். லாரிகள் கிளப்பும் தூசியும், நூலாலைகளைச் சூழ்ந்து பறக்கும் பஞ்சுத் துகளும் அதனோடு சேரும். இத்தகைய காற்றையே நம் வண்டிகள் உண்டு வாழ்கின்றன.

நிற்க. மோட்டார்ப் பந்தயத்தில் கோவைக்கு உள்ள பெருமையை நம் மாணவர் அறிவர். கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800 வண்டியின் உறுப்புகளைக் கொண்டு ‘ஃபார்முலா மாருதி’ என்னும் ஓரிருக்கைப் பந்தய வண்டியை அமைத்து, செலவு மிகுந்த அவ்விளையாட்டை நம் நாட்டு இளைஞர் பலருக்கும் எட்டச் செய்தார். செட்டிபாளையத்திலுள்ள பந்தயத் தடம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. கோவை நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். இப்பெருமையில் வளர்ந்த இளைஞர், வேக வண்டி ஒன்று கைக்கு வந்தவுடன் முதற்கண் செய்ய விரும்புவது யாது? வண்டியுடன் வந்த காகித வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, எண்ணெய் தோய்ந்த பருத்தி வலைத்துணியாலாகிய கூம்பு வடிகட்டியைப் பொருத்துவதே. 1969இல் கலிபோர்னியாவில் தோன்றிய கே அண்ட் என் நிறுவனத்தின் பொருள்கள் இவ்வகையில் உலகெங்கும் பெயர் பெற்றவை.

இது குற்றமென்று நாம் கூற வரவில்லை. ஆனால் ஒன்று துணிந்து கூறுவோம். அவ்வடிகட்டியைத் தன் கையால் கழுவிப் பேண மனமில்லாதவன் அதனை வாங்குதல் தகாது. அன்னவனுக்குக் காலந்தோறும் மாற்றப்பெறும் காகித வடிகட்டியே நன்று. இக்கூற்றிற்குக் காரணங்கள் வருமாறு.

முதலாவது, வடிகட்டியின் கடமை ஓசை எழுப்புவதன்று, தூசியைத் தடுப்பதே. மனிதனின் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரான் பருமனுடையது. ஸிலிண்டரைக் கெடுக்கும் மணற்பொடியோ அதனினும் பன்மடங்கு நுண்ணியது. பிஸ்டன் வளையத்திற்கும் ஸிலிண்டர்ச் சுவருக்கும் இடையே நிற்கும் எண்ணெய்ப் படலம் சில மைக்ரான் கனமே உடையது. இரும்பினும் கடினமான மணற்பொடி அதனூடே புகுந்தால் அரம்போல் அராவும். அவ்வராவல் காதுக்குக் கேளாது, கண்ணுக்கும் தோன்றாது. சில ஆண்டுகள் கழித்து யந்திரம் எண்ணெய் குடிக்கத் தொடங்கிப் புகை கக்கும்போதுதான் புலப்படும். அப்பொழுது வடிகட்டியை நினைப்பார் எவருமிலர்.

இரண்டாவது, இதனாற் பெறும் வேகம் பலர் எண்ணுமளவு பெரிதன்று. காகித வடிகட்டி பல மடிப்புகளாக மடிக்கப்பெற்றுப் பரந்த பரப்புடையதாதலின், தூய்மையாக இருக்கும் வரை காற்றை அதிகம் தடுப்பதில்லை. 2009இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் இதனைச் சோதித்தது. தற்காலத்துக் கணிப்பொறி ஆளும் யந்திரங்களில் வடிகட்டி அடைபட்டாலும் பெட்ரோல் செலவு குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை என்றும், வேகமெடுக்கும் ஆற்றலே குறைந்தது என்றும் கண்டது. எனவே, வேகம் வேண்டுவோன் முதலிற் செய்யத்தக்கது அழுக்கடைந்த வடிகட்டியை மாற்றுதலே; விலையுயர்ந்ததை வாங்குதலன்று.

‘பந்தய வீரர் இவற்றைப் பயன்படுத்தவில்லையா?’ என்று நண்பர் சிலர் வினவுவர். பயன்படுத்துகின்றனர்; மெய்யே. ஆனால் பந்தய யந்திரத்தை அடிக்கடி பிரித்துச் சோதிப்பர். தேய்ந்த உறுப்பை மாற்றுவர். நம் வண்டியோ பிரிக்கப்படாமலே பத்தாண்டும் பதினைந்தாண்டும் உழைக்க வேண்டியது. பந்தயக்காரரிடமிருந்து கருவியை மட்டும் கடன் வாங்கி, அவருடைய கவனத்தை வாங்காதுவிடின், அது பாதி வித்தையே.

இனி, பொருத்தும் முறையை நோக்குவோம். பழைய வடிகட்டியை எடுக்குமுன் அதன் பெட்டியைச் சுற்றியுள்ள புழுதியை ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும். இல்லையேல் ஒரு கைப்பிடித் தூசியை நாமே உள்ளே தள்ளியவராவோம். காற்றுக் குழாயின் வாயைத் தூய துணியால் மூடி வைத்தல் வேண்டும். பூட்டுமுன் அத்துணியை எடுக்க மறத்தலாகாது. ரப்பர் விளிம்பு எங்கும் இடைவெளியின்றிப் படிந்துள்ளதா எனக் கைவிளக்கு கொண்டு பார்த்தல் வேண்டும். மயிரிழை இடைவெளி இருப்பினும் காற்று வடிகட்டியை விடுத்து அவ்வழியே புகும். கூம்பு வடிகட்டியை யந்திரத்தின் சூட்டில் திறந்து வைத்தல் கூடாது. 30 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடேறிய காற்றின் அடர்த்தி ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறையும். வலிமை வேண்டிச் செய்தது வலிமைக் குறைவிலே முடியும். வெப்பத்தைத் தடுக்கும் தகடும், வெளிக்காற்றைக் கொணரும் குழாயும் அதற்கு இன்றியமையாதன. அக்குழாயின் வாய் மிகத் தாழ்ந்திருத்தலும் ஆகாது. மழைக்காலத்தில் கோவையின் சுரங்கப்பாதைகளில் நீர் தேங்குவதை நாம் காண்கின்றோம். காற்றுக்குப் பதிலாக நீரை உறிஞ்சிய யந்திரம் ஒரு நொடியில் முறிந்துபோகும்.

பேணும் முறை இதனினும் பொறுமை வேண்டுவது. தூசியை மெல்லத் தட்டி உதிர்த்து, அதற்குரிய கழுவு திரவத்தைத் தெளித்து, சிறிது நேரம் ஊறவிட்டு, உட்புறமிருந்து வெளிப்புறமாக மெல்லிய நீரோட்டத்தால் அலசுதல் வேண்டும். வெளிப்புறமிருந்து அலசினால் அழுக்கு உள்ளேயே புகும். பட்டறைகளில் வழங்கும் மண்ணெண்ணெய், பெட்ரோல் இவற்றாற் கழுவுதல் துணிக்கும் ரப்பருக்கும் கேடு. நிழலில் தானே உலர விடுக. அழுத்தக் காற்றும் நெருப்பும் ஆகா. உலர்ந்த பின் அதற்குரிய எண்ணெயை ஒவ்வொரு மடிப்பிலும் அளவாக இடுக. எண்ணெய் குறைந்தால் தூசி புகும். மிகுந்தால் அது காற்றோடு சென்று காற்றளவு காட்டும் நுண்கருவியின் கம்பியிற் படிந்து, கணிப்பொறியைப் பொய்க்கணக்குப் போடச் செய்யும். நெடுஞ்சாலைக்கெனச் செய்வோர் குறிக்கும் தூரக் கணக்கை நம் புழுதிக்கு அப்படியே கொள்ளலாகாது. ஆடிக்காற்று அடங்கியதும் ஒருமுறை கட்டாயம் திறந்து பார்த்தல் வேண்டும்.

இவ்வறிவு நம் நாட்டிற்குப் புதிதன்று. பழைய டிராக்டர்களில் எண்ணெய்க் கிண்ணத்துடன் கூடிய வடிகட்டி உண்டு. காற்று அவ்வெண்ணெயைத் தடவிச் செல்லுகையில் தூசி அதிற் படியும். உழவு முடிந்த மாலையில் அக்கிண்ணத்தைக் கழற்றிச் சேறாகிய எண்ணெயைக் கொட்டி, துடைத்துப் புது எண்ணெய் வார்க்கும் உழவர் எத்தனை பேர்! நூலாலையிலும் பஞ்சு படியும் வடிகட்டியைத் துப்புரவு செய்யாது எவரும் வேலை நடத்துவதில்லை. இவர்களுக்கு யந்திரம் சோறு போடுகின்றது. ஆதலின் அதன் மூச்சை மதிக்கின்றனர். வேக வண்டி வைத்திருக்கும் இளைஞனுக்கோ அது பெரும்பாலும் தந்தையார் பொருள். அங்கேதான் வேறுபாடு தோன்றுகின்றது.

ஆகவே, மாணவ நண்பர்களே, பொருளை வாங்குதல் ஒரு நாட் செயல். பேணுதல் பல்லாண்டுப் பழக்கம். தொழிற்கூடங்களை நடத்தும் நம் பழைய மாணவர்கள், விடுமுறை நாளில் இளைஞர் சிலரை அழைத்து, ஒரு வடிகட்டியை அவர்கள் கையாலேயே கழற்றவும், கழுவவும், பூட்டவும் பயிற்றுவாராயின், அது நற்கல்வியே ஆகும். வடிகட்டி எதுவாயினும் ஆகுக. அதனைத் திறந்து பார்க்கும் கை வண்டிக்கு உரியவனுடையதாக இருத்தல் வேண்டும். இதுவே நம் கருத்து.