தாய்க்கு மட்டும் ஏன் இந்த விசாரணை?

வேலைக்கு வெளிநாடு போகும் தாயின் கடைசிப் பிள்ளைக்கு ஐந்து வயது ஆகியிருக்க வேண்டும் என்ற விதியை 2022 ஜூனில் இலங்கை அமைச்சரவை இரண்டு வயதாக்கியது. இதைப் பெரிய சலுகை என்கிறார்கள். எமக்கு அப்படித் தோன்றவில்லை. ஐந்து வயது வரை தாய் அருகில் இல்லாவிட்டால் பிள்ளை கெட்டுவிடும் என்று ஒன்பது ஆண்டுகள் சொன்னவர்கள், நாட்டில் டொலர் வற்றியதும் இரண்டு வயது போதும் என்கிறார்கள். பிள்ளையின் நலனை முன்வைத்து எடுத்த முடிவு என்று இதை எப்படி நம்புவது?

அதைவிடப் பெரிய அநீதி, வெளிநாடு போகும் தாயிடம் மட்டும் கேட்கும் குடும்பப் பின்னணி அறிக்கை. கிண்ணியாவிலிருந்து கட்டாருக்குச் சாரதி வேலைக்குப் போகும் தகப்பன் கைக்குழந்தையை விட்டுப் போகலாம். மனைவியின் சம்மதத்தை எவரும் கேட்பதில்லை. மனைவி போவதென்றால் கிராம அலுவலர் வீடு பார்க்க வேண்டும், பிரதேச செயலகம் விசாரிக்க வேண்டும், பிள்ளையை யார் பார்ப்பது என்று எழுதிக் கொடுக்க வேண்டும், கணவனும் சம்மதிக்க வேண்டும். வீட்டுச் செலவுக்குச் சல்லிக்காசு தராதவனிடமும் அவள் கையெழுத்துக்காகக் காத்து நிற்க வேண்டும். கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்கள் வாழும் மாவட்டம் இந்தத் திருகோணமலை. அவர்கள் யாரிடம் சம்மதம் வாங்குவது? அலைந்து களைத்தவள் கடைசியில் உப முகவரிடம் போகிறாள். சுற்றுலா விசாவில் ஏற்றி அனுப்புகிறான். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு இல்லை, காப்புறுதி இல்லை. அங்கே அவளுக்கு அடி விழுந்தால் இங்கே எந்தக் கோப்பிலும் அவள் பெயர் இல்லை. பாதுகாப்புக்கென்று போட்ட விதியே அவளைப் பாதுகாப்புக்கு வெளியே தள்ளுகிறது.

மூதூர் றிசானா நபீக்கை இந்த மாவட்டம் மறக்கவில்லை. 2005இல் பதினேழு வயதுப் பிள்ளையைக் கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிச் சவூதிக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். 2013 ஜனவரி 9ஆம் திகதி அங்கே மரண தண்டனையாக அவர் தலை வெட்டப்பட்டது. கள்ளக் கடவுச்சீட்டுக்கு வழிவிட்டவர்களைத் துருவியிருக்க வேண்டிய ஆண்டில், அதிகாரத்தில் இருந்தவர்கள் தாய்மாரின் வீட்டுக் கதவைத் தட்டும் அறிக்கை முறையைக் கொண்டுவந்தார்கள். கோளாறு ஓரிடம், கட்டுப்பாடு வேறிடம்.

கோளாறைத் தீர்க்காமல் மக்களை நெருக்குவது அதிகாரத்தில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. 2006இல் சம்பூர் மக்கள் போரால் இடம்பெயர்ந்தார்கள். கிளிவெட்டி முகாமில் அவர்கள் தகரக் கொட்டிலில் கிடக்க, அவர்களுடைய ஊரில் 818 ஏக்கரை 2012இல் முதலீட்டுக்கென வர்த்தமானியில் போட்டார்கள். 2015இல் அதை ரத்துச் செய்தார்கள். சம்பூரில் அனல்மின் நிலையம் வரும், வேலை வரும் என்றார்கள். 2016இல் அதையும் கைவிட்டார்கள். இத்தனை பெரிய துறைமுகத்தை வைத்துக்கொண்டு, அதன் கரையில் மணமான பெண் பிள்ளையை விட்டுவிட்டுப் பகலில் போய்வர ஒரு வேலையை உருவாக்க இவர்களால் முடியவில்லை. நாடு முழுவதிலும் வேலைச் சந்தையில் இருக்கும் பெண்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. வயலும் கடலும் பறிபோன வீட்டுப் பெண் வெளிநாட்டை நினைத்தால் அவளை விசாரிக்க இவர்களுக்கு என்ன தகுதி இருக்கிறது?

அறிக்கையை எடுத்துவிடுங்கள். பிள்ளைகளைப் பராமரிக்க ஊருக்குள் தக்க ஏற்பாடு செய்யுங்கள். அதை எப்படிச் செய்வதென்று போய்வந்த பெண்களிடமே கேளுங்கள். அடுத்த திருத்தத்தில் இரண்டு வயதை ஒரு வயதாக்கிக்கொண்டு வந்தாலும் எமது எதிர்ப்பு இதேதான்.