செயப்பாட்டு வினையும் சில சில்லறைச் சொற்களும்

சென்ற ஆண்டு, முதலாண்டு மாணவர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய விடுப்புக் கடிதம் ஒன்றை என் மேசைமீது வைத்துவிட்டுத் தயங்கி நின்றார். 'மை கிராண்ட்மதர் வாஸ் ஆபரேட்டட் எஸ்டர்டே' என்பது அதன் முதல் வாக்கியம். பாட்டிக்குக் கண்ணில் அறுவை. உடனிருக்க வீட்டில் வேறு ஆளில்லை. காரணம் நியாயமானதே. ஆனால் கடிதத்தின்படி பார்த்தால், அந்த மூதாட்டியை யாரோ பம்ப்செட்டைப் போலப் பொத்தானை அழுத்தி ஓட்டியிருக்கிறார்கள்! 'ஆபரேட்டட்' என்பதை அடுத்து 'ஆன்' என்னும் சிறு சொல் நின்றிருந்தால் இந்த விபரீதம் நேர்ந்திராது.

இது அவர் ஒருவருடைய பிழை அன்று. குழந்தையைப் பாட்டி பார்த்துக்கொண்டாள் என்பதற்கு 'வாஸ் லுக்ட் பை' என்றும், அவனைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள் என்பதற்கு 'வாஸ் லாஃப்ட் பை' என்றும் நம் விடைத்தாள்களில் ஆண்டுதோறும் காண்கிறேன். முன்னதில் 'ஆஃப்டர்' போயிற்று. பின்னதில் 'அட்' போயிற்று. ஏன் போயிற்று? 'லாஃப்ட் அட் பை' என்று இரண்டு சில்லறைச் சொற்கள் அடுத்தடுத்து வரும்போது, ஒன்று மிகை என்று நம் காது சொல்கிறது. 'பை' என்பதைப் பள்ளி நாளிலிருந்து மந்திரம்போல் உருப்போட்டிருக்கிறோம். அதை விட மனம் வருவதில்லை. ஆகவே மற்றதைத் தள்ளிவிடுகிறோம். தள்ள வேண்டியதை வைத்துக்கொண்டு, வைக்க வேண்டியதைத் தள்ளுகிறோம் என்பதே என் வழக்கு.

வினைச்சொல்லோடு 'ஆஃப்', 'அப்', 'அவுட்' போன்ற சிறு சொல் ஒன்று கூடி, இரண்டும் சேர்ந்து புதுப்பொருள் தருவதை ஆங்கிலத்தில் 'ஃப்ரேஸல் வெர்ப்' என்கிறார்கள். இப்பெயரை 1925-இல் தம் நூலில் எடுத்தாண்டு பரவச் செய்தவர் லோகன் பியர்சால் ஸ்மித். அச்சிறு சொல் வேற்றுமை உருபு போன்றதா, வினையடை போன்றதா என்று இலக்கணிகள் இரு கட்சியாக வாதிடுவர். நமக்கு அது வேண்டாம். நாம் அறிய வேண்டுவது ஒன்றே: செயப்பாட்டு வினையாக மாறும்போதும் அச்சொல் வினையை விட்டு அகலாது.

தமிழறிந்த நமக்கு இது புதிதா என்ன? 'கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள்' என்கிறோம். 'கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது' என்கிறோம். 'தள்ளி' அப்படியே நிற்கிறது. 'வை' மட்டும் உருமாறுகிறது. 'தள்ளி'யை விட்டுவிட்டுக் 'கூட்டம் வைக்கப்பட்டது' என்று சொன்னால் பொருள் தலைகீழாகிவிடும். ஆங்கிலத்தில் இதுவே 'வாஸ் புட் ஆஃப்'. அங்கே முன்சொல் மாறும், பின்சொல் நிற்கும். இங்கே முன்சொல் நிற்கும், பின்சொல் மாறும். வேறுபாடு அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்வேன், சக ஆசிரியர்கள் சிலர் ஒப்பமாட்டார்கள். கூட்டுவினைகளைச் செயப்பாட்டு வினையிலிருந்தே கற்பிக்கத் தொடங்கலாம். செய்வினையில் ஆயிரம் தொல்லை. 'புட் ஆஃப் த மீட்டிங்' என்றும் சொல்லலாம், 'புட் த மீட்டிங் ஆஃப்' என்றும் சொல்லலாம்; ஆனால் 'இட்' என்னும் சுட்டுச்சொல் வந்தால் 'புட் இட் ஆஃப்' என்று நடுவில்தான் வைக்க வேண்டும். செயப்பாட்டு வினையிலோ, செயப்படுபொருள் முன்னே போய் உட்கார்ந்துவிடுகிறது. இரண்டு சொற்களும் பிரியாமல் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. மாணவனுக்கு இதைவிட எளிது எது?

வகுப்பில் நாம் செய்வதோ வேறு. ரென்–மார்ட்டின் இலக்கண நூலை விரித்துவைத்து, 'வாய்ஸ் மாற்றுக' என்று இருபது வாக்கியம் கொடுக்கிறோம். மாணவன் இயந்திரம்போல் மாற்றுகிறான். அவன் தன் தகப்பனாரைப் போலிருக்கிறான் என்பதற்கு 'ஹீ டேக்ஸ் ஆஃப்டர் ஹிஸ் ஃபாதர்' என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். இதையும் ஒரு மாணவர் மாற்றித் தந்தார்! ஆங்கிலேயர் எவரும் அப்படிச் சொல்லமாட்டார். எல்லாக் கூட்டுவினையும் செயப்பாட்டு வினை ஆகாது. ஆகும் இடத்திலும் பெரும்பாலும் 'பை' வருவதில்லை. செய்தவரைச் சொல்ல வேண்டாத இடத்திலன்றோ அந்த வடிவமே பிறந்தது?

நம் மாவட்டத்தின் வரலாற்றையே பாருங்கள். 1965 அக்டோபர் 2-ஆம் நாள் சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாயிற்று. ஆங்கிலத்தில் இதை 'வாஸ் கார்வ்ட் அவுட் ஆஃப் சேலம்' என்று எழுதுவார்கள். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி நம்மிடமிருந்து போனபோதும் அதே தொடர்தான். செதுக்கி எடுத்தது அரசு என்பது ஊரறிந்த செய்தி. ஆகவே 'பை' இல்லை. ஆனால் 'அவுட் ஆஃப்' போய்விட்டால் தருமபுரி ஏதோ கற்சிலை ஆகிவிடும். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்தாரி முறை ஒழிந்ததை 'வாஸ் டன் அவே வித்' என்பார்கள். 'வித்' என்று முடிந்தால் வாக்கியம் அந்தரத்தில் தொங்குவதாக நம் மாணவர்கள் அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டாம், அங்கே முற்றுப்புள்ளி வைக்கலாம்.

நிற்க. கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளுக்குச் செயப்பாட்டு வினை என்று முறையாகச் சொல்லத்தக்க தனி வடிவம் இல்லை என்று கருதினார். 'படு' சேர்த்து நாம் ஆக்கிக்கொள்கிறோமே என்று வாதிடலாம்தான். ஆனால் பேச்சில் கவனியுங்கள். 'சேலத்திலிருந்து தருமபுரி பிரிஞ்சுது' என்றுதான் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள்; ஏதோ அண்ணனிடமிருந்து தம்பி பாகம் பிரித்துக்கொண்டு போன மாதிரி. 'பிரிக்கப்பட்டது' என்பது கச்சேரித் தமிழ். பிரி என்ற ஒரே வினையில் தானே பிரிவதும் பிறர் பிரிப்பதும் நமக்குக் கிடைக்கின்றன. இவ்வசதி இருப்பதால் செயப்பாட்டு வினை நமக்கு அன்றாடத் தேவையாக இல்லை. தேவையில்லாததை ஆங்கிலத்தில் தேடிப் பழகுவதும் கடினமாகிறது.

அதைப் பழகாதிருக்கவும் முடியாது. ஏனெனில் நம் பிள்ளைகளுக்கு வேலை மறுக்கும் கடிதம் இந்த வடிவத்தில்தான் வருகிறது: 'ஹாஸ் பீன் டர்ன்ட் டௌன்'. மனு கொடுத்தால், 'வில் பி லுக்ட் இன்டு'. யார் மறுத்தார், யார் விசாரிப்பார் என்பதற்கு அங்கே இடமே இல்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்த பிள்ளை, அரூரிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ வருபவன், அக்கடிதத்தைப் படித்துப் பொருள் புரிந்துகொள்வதோடு நின்றால் போதாது, 'யாரால்?' என்று திருப்பிக் கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். இந்த இடத்தில் மட்டும் 'பை' நம் ஆயுதம். தொப்பூர்க் கணவாயில் ஒருவர் மீது வண்டி ஏறிவிட்டால், 'வாஸ் ரன் ஓவர்' என்பது வெறும் செய்தி. 'பை எ லாரி' என்று சேர்த்து, அந்த லாரியின் எண்ணையும் எழுதினால்தான் அவர் குடும்பத்தின் இழப்பீட்டு வழக்கு நிற்கும். 'ஓவர்' விடுபட்டாலோ, அடிபட்டவர் எவராலோ நிர்வகிக்கப்பட்டவராகிவிடுவார்!

அந்த விடுப்புக் கடிதத்தில் நானே சிவப்பு மையால் 'ஆன்' என்று சேர்த்துக் கையொப்பமிட்டேன். மூன்று நாள் கழித்து வந்த மாணவர், "ஐயா, பாட்டிக்குக் கட்டு அவிழ்த்தாயிற்று, கண் நன்றாகத் தெரிகிறதாம்" என்றார். ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வாய் என்று கேட்டேன். சற்றே யோசித்து, 'த பேண்டேஜ் வாஸ் டேக்கன் ஆஃப்' என்றார். 'ஆஃப்' இருந்தது, 'பை' இல்லை.