உபகாரச் சம்பளப் பரீக்ஷையின் முடிவு

மத்திய சர்க்கார் 2008-ல் ஏற்படுத்திய தேசிய வருவாய்வழித் திறன் உபகாரச் சம்பளத்தைப் பற்றி நகரத்துக் கனவான்கள் அதிகம் அறியார். கிராமப் பள்ளிக்கூடங்களிலோ பரீக்ஷைக் காலத்தில் அதைத் தவிர வேறு பேச்சில்லை. வருஷ வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் இதை எழுதுகிறார்கள். தேறினால், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய். (2017-ல் நிர்ணயித்த தொகை இது, அரிசி விலை அங்கேயே நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.) தேசமுழுமைக்கும் வருஷத்திற்கு ஒரு லக்ஷம் பேர், தமிழ்நாட்டின் பங்கு 6,695.

பரீக்ஷை மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. முடிவு என்றைக்கு வருமென்று பிள்ளைக்கும் தெரியாது, உபாத்தியாயருக்கும் தெரியாது. எட்டாம் வகுப்போடு உள்ளூர்ப் பள்ளி நின்றுவிடும் இடங்களில், பெண்ணை அடுத்த ஊருக்கு அனுப்புவதா, வீட்டோடு நிறுத்துவதா என்று தகப்பனார் யோசிக்கும் காலம் அதுவே. வரி கட்டச் சர்க்கார் தேதி குறிக்கிறது. இதற்கு மட்டும் ஏன் குறிக்கலாகாது? பரீக்ஷைச் சீட்டிலேயே முடிவு வெளியாகும் நாளையும் அச்சிடும்படி கேட்கிறோம். இதற்குச் சட்டசபை கூட வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

தேறியவர்க்கும் பணம் தானே வந்துவிடாது. தேசிய உபகாரச் சம்பள இணையதளத்தில் மனுச் செய்யவேண்டும். ஆதாரிலும் பாங்கிக் கணக்கிலும் பெயர் ஒத்திருக்கவேண்டும். ஓரெழுத்துப் பிசகினாலும் அலைச்சல்தான். ஊர்தோறும் பொதுக்கூட்டம் போடும் நம் நண்பர்கள், முடிவு வருமுன் ஒரு மாலையை ஒதுக்கி, அப்பிள்ளைகளின் தஸ்தாவேஜுகளைப் பார்த்துத் திருத்திக் கொடுக்கட்டும்.